பாதின்னா எந்தப் பாதி

உக்காரு பிள்ள, சன்னலோரமே உக்காரு. எனக்கு எதிர்க்காத்து ஒத்துக்கிடாது.

ஆமா, ஏறுனதுலேருந்து யாரோன்னு பாத்துகிட்டே இருக்கியே, அது நான்தான். போன மாசம் பேப்பர்ல கேலிப்படம் போட்டிருந்தாம்லா, ஆத்து நடுவுல ஒரு ஆளு வேட்டியை மடிச்சுக் கட்டிகிட்டுக் கடலைச் செடியை ரெண்டாப் பிய்க்க மாதிரி? கீழ 'கடலை எம்.பி.'ன்னு? அவுக வீட்டம்மாதான் நான். சிரிப்பு வந்தா சிரிச்சிரு தாயி, அடக்காத. எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வாரவ என் முன்னாலயே சிரிச்சா. நான் என்ன செய்ய.

பேப்பர்ல போட்டது பூராவும் பொய்யின்னு சொல்ல மாட்டேன். கடலை உண்மைதான். ஆனா அதுக்குப் பின்னால என் உழைப்பு எம்புட்டு இருக்குன்னு ஒருத்தனும் எழுதல. அதுதான் எனக்கு ஆத்தாமை. நீ தென்காசி வரைக்கும்தானே? ரயிலு போயிச் சேர நேரம் கெடக்கு, கேளு.

எங்க வீட்டு ஆளைப் பத்தி முதல்ல சொல்லணும். அரசியலுக்கு வரதுக்கு முன்னால வாழைக்காய் மண்டி வச்சிருந்தாக. மண்டியில காய் வித்ததை விட வழக்குப் பேசினதுதான் அதிகம். ரெண்டு பேரு சண்டை போட்டா அவுகளால சும்மா தாண்டிப் போக முடியாது. பஸ்ஸுல சீட்டுக்கு ரெண்டு பேரு அடிச்சுகிட்டா, இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டுப் போயி தீர்த்து வச்சிட்டு வேற பஸ்ஸுல திரும்பி வருவாக. எங்க கல்யாணத்தன்னைக்கு, தாலி கட்டின சூட்டோட மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனா, சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் நடுவுல மாலையோட உக்காந்து பேசிகிட்டு இருக்காக. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, சுவத்துத் தகராறு எல்லாத்துக்கும் காலையில எங்க வீட்டு முன்னறையிலதான் கூட்டம். இவுக ஜெயிச்சதே அதுலதான். கட்சிக்காரனுக இன்னைக்கும் நம்ம கொள்கைக்கு ஓட்டு விழுந்ததுன்னு சொல்லிகிட்டுத் திரியுதானுக.

இப்படிப்பட்ட ஆளை டெல்லியில தேர்ந்தெடுத்து ஒரு வெளிநாட்டுக்கு அனுப்புதாக. எம்.பி.க்கள் குழு. நாட்டுப் பேரை நான் சொல்லக் கூடாது. சொல்லவே கூடாதுன்னு எனக்குக் கண்டிசன் போட்டிருக்கு. நான் ஒருத்தர்ட்டயும் சொன்னது கிடையாது, என் மதினிமார்ட்ட சொன்னதோட சரி. நீ இப்படிப் புரிஞ்சுக்கோ: ஒரு ஆறு. இந்தக் கரையில ஒரு நாடு, அந்தக் கரையில ஒரு நாடு. ஆத்துக்கு நடுவுல ஒரு திட்டு. அது எங்களுதுன்னு இக்கரைக்காரன் சொல்லுதான், எங்களுதுன்னு அக்கரைக்காரன் சொல்லுதான். பட்டாளம் வரைக்கும் வந்து நின்னாச்சு. நம்ம நாட்டுக்கு ரெண்டு பேரும் வேணும். அதனால நாம யாரு பக்கமும் பேச மாட்டோம். இவுக போறது இக்கரை நாட்டுக்கு.

போறதுக்கு முன்னால டெல்லியில பாடம் எடுத்திருக்காக. பாடம் எடுத்தது வெளியுறவுல வேலை பாக்க ஒரு பொண்ணு, அருந்ததின்னு பேரு, பொள்ளாச்சிக்காரி. இவுகளுக்கு இங்கிலீஷ் கோவம் வந்தாத்தான் வரும், அதனால அந்தப் பொண்ணையே கூட மொழிபெயர்க்கவும் போட்டிருந்தாக. திட்டோட பேரைச் சொல்லக் கூடாது, ஏன்னா ரெண்டு நாட்டுக்காரனும் ரெண்டு பேரு வச்சிருக்கான், எந்தப் பேரைச் சொன்னாலும் ஒருத்தன் பக்கம் சாஞ்ச மாதிரி. மேப்புல விரலை வைக்கக் கூடாது. மேப்பு போட்ட துண்டு, தட்டு எது குடுத்தாலும் வாங்கக் கூடாது. யாராவது கேட்டா ஒரே ஒரு பதில்தான்: "இது இரு நாடுகளும் நேராகப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இந்தியா இருவருக்கும் நண்பன்." அம்புட்டுதான்.

மத்த எம்.பி.க்கள் எல்லாரும் ஒரு தடவையில சொல்லிட்டாக. இவுகளும் சொன்னாக. சொல்லிட்டுப் பின்னாலயே ஒரு 'ஆனா' போட்டிருக்காக.

அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணுச்சு. "அம்மா, சார் எல்லாம் நல்லாச் சொல்றாருங்க. கடைசியில 'ஆனா'ன்னு ஆரம்பிச்சு, ஆத்துப் போக்கு எப்படி மாறுச்சுன்னு வரைஞ்சே காட்டறாருங்க. தீர்ப்பு வரைக்கும் போயிடறாரு. நீங்க சொன்னாத்தான் எடுபடும்னு அவரே சொன்னாருங்க."

அவரே சொன்னாரு. கவனிச்சியா?

கிளம்பதுக்கு முன்னால ஊருக்கு வந்திருந்த நாளெல்லாம் எனக்கு அதுதான் வேலை. நான்தான் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரி. தோசைக் கரண்டிதான் மைக்கு. குளிச்சிட்டு வரும்போது கேப்பேன், சாப்பிடும்போது கேப்பேன், செருப்பு மாட்டும்போது முதுகுக்குப் பின்னாலேருந்து கேப்பேன். திடீர்னு கேட்டாத்தானே உள்ள இருக்கது வெளிய வரும்.

"சொல்லுங்க ஐயா, திட்டு யாருக்குச் சொந்தம்?"

"இது இரு நாடுகளும் நேராகப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இந்தியா இருவருக்கும் நண்பன். ஆனா..."

கரண்டியால ஒரு தட்டு. மறுபடி முதல்லேருந்து.

மிரட்டிக் கேட்டா இவுக தடுமாறல. உங்களை மாதிரி பெரிய மனுசரு ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு நாடும் கேக்கும் ஐயான்னு கேட்டேன் பாரு, முகம் அப்படியே மலர்ந்துட்டு. 'ஆனா'வும் வந்துட்டு, அதுக்குப் பின்னால ஆறும் வந்துட்டு, திட்டுக்கு மேக்க ஒரு கல்லு நடணும்ங்க வரைக்கும் போயாச்சு. அப்பத்தான் எனக்கு நோயி எங்க இருக்குன்னு தெரிஞ்சது. அதுலேருந்து புகழ்ந்து புகழ்ந்தே கேட்டேன். வாழ்க்கையில அவுகளை நான் அம்புட்டு புகழ்ந்தது அப்பத்தான். பாவம், கேக்க நல்லாத்தான் இருந்திருக்கும். கடைசியில 'ஆனா' வர இடத்துல வாயை மூடி மூக்கு வழியா மூச்சு விடப் பழகிட்டாக.

அங்க போயி இறங்குன மறுநாளே கேள்வி வந்துட்டு. தலைநகர்ல, அம்புட்டு கேமராவுக்கு முன்னால. இவுக சொல்லி முடிச்சு, மூக்கு வழியா மூச்சு விட்டு, நிறுத்திட்டாக. அருந்ததி எனக்குச் சேதி அனுப்புச்சு, சார் பிரமாதம்னு. நான் கேசரி கிண்டி அக்கம்பக்கம் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டவுகட்ட சொல்லல. சொல்லக் கூடாதுல்லா, அரசாங்க ரகசியம். எதுத்த வீட்டுல மட்டும் சொன்னேன்.

அதுக்குப் பெறவு நடந்ததுல பாதி அவுக சொன்னது, பாதி அந்தப் பொண்ணு சொன்னது.

இக்கரைக்காரன் இவுகளை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். சும்மா காத்து வாங்கத்தான்னு சொன்னானாம். எந்த நாட்டுலயும் சும்மா காத்து வாங்க பத்து காருல கூட்டிட்டுப் போவானா? அருந்ததி முன்கூட்டியே எல்லாரையும் கையைப் பின்னால கட்டிக்கிடச் சொல்லியிருக்கு. கை முன்னால இருந்தா யாராவது எதையாவது சுட்டிக் காட்டிருவாகன்னு பயம். அம்புட்டு எம்.பி.க்களும் பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்க பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிகிட்டுத் தண்ணியைப் பாத்துகிட்டு நிக்காக.

அங்க ஒரு பொம்பளையைத் தயாரா நிறுத்தி வச்சிருந்திருக்கான். திட்டுல அவளுக்கு அப்பா வழி நிலம் இருக்காம். பட்டாளம் வந்ததுலேருந்து இந்தக் கரைக்காரங்க அங்க கால் வைக்க முடியாதாம். அழுதுகிட்டே வந்து, வரிசையில எம்புட்டோ பேரு நிக்க, நேரா இவுக முன்னால வந்து நின்னிருக்கா. அந்த மூஞ்சியைப் பாத்தா எந்த ஊர்க்காரிக்கும் தெரிஞ்சிரும் போல, வழக்குக் கேக்க மூஞ்சின்னு. ஐயா, நீங்க பெரிய மனுசரு, நீங்க சொல்லுங்க, அந்த நிலம் யாருதுன்னு கேட்டிருக்கா. பெரிய மனுசருன்னு வேற சொல்லிட்டா.

இவுக சொல்லிட்டாக. அச்சுப் பிசகாம, ரெண்டு வாக்கியம், 'ஆனா' இல்லாம. அதைத்தான் நான் உன்ட்ட அழுத்திச் சொல்லுதேன். என் பாடத்துல ஒரு குறையும் கிடையாது.

அவங்க மொழியில அதை எடுத்துச் சொல்லவும், அந்தப் பொம்பளை கண்ணைத் துடைச்சிட்டு வேற என்னமோ சொல்லியிருக்கா. அவங்க ஆளு அதை மொழிபெயர்க்காம முழிச்சிருக்கான். இவுக விடல. என்ன சொன்னான்னு கேட்டு வாங்கியிருக்காக.

"நேராப் பேசவா? எங்க அக்கா போனையே எடுக்க மாட்டேங்கா."

அக்கா அந்தக் கரையில வாக்கப்பட்டவ. நிலம் ரெண்டு பேருக்கும் பொது. அந்தக் கரைக்காரங்களை அவங்க பட்டாளம் திட்டுல உழ விடுதாம், அதனால அக்காதான் கடலை போடுதா. முதல்ல ஒழுங்காப் பாதி மூட்டையைப் படகுல அனுப்பிகிட்டு இருந்திருக்கா. பெறவு நிறுத்திட்டா. இவ அழுதது நாட்டுக்காக இல்ல தாயி, கடலைக்காக. அவன் நாட்டுக்காகன்னு நினைச்சுக் கூட்டியாந்துட்டான்.

அப்பத்தான் எங்க வீட்டு ஆளு பின்னால கட்டியிருந்த கையை எடுத்திருக்காக.

அருந்ததி ஓடி வந்து, சார் வேண்டாங்க, இதைப் பேசக் கூடாதுங்கன்னு கெஞ்சியிருக்கு. அதுக்கு இவுக, "நாட்டு விஷயம்தானேம்மா பேசக் கூடாது? இது அக்கா தங்கச்சி விஷயம்"ன்னு சொல்லிட்டு, கவுத்துப் போட்டிருந்த படகு மேல உக்காந்துட்டாக. அந்தப் பொண்ணு பெறவு என்ட்ட சொல்லுச்சு, "அம்மா, நாம சாரு வாயைக் கட்டினோம், காதைக் கட்ட மறந்துட்டோமுங்க"ன்னு.

தங்கச்சி நம்பர்னா அக்கா எடுக்க மாட்டா. அதனால பக்கத்துல நின்ன இக்கரை அரசாங்க அதிகாரிட்ட, தம்பி உன் போனைக் கொஞ்சம் குடுன்னு கை நீட்டியிருக்காக. அவனும் குடுத்துட்டான். வயசானவுக உரிமையோட கேட்டா யாருக்குத்தான் இல்லைன்னு சொல்ல வரும். அக்கா எடுத்துட்டா. போனைச் சத்தமா வச்சு நடுவுல பிடிச்சுகிட்டாக. அக்கா பேசுவா, அதை அவங்க ஆளு இங்கிலீஷ்ல சொல்லுவான், அருந்ததி தமிழ்ல சொல்லும், இவுக கேள்வி அப்படியே திரும்பிப் போகும். குழுத் தலைவரா வந்த வடநாட்டுக்காரரு தலையில கையை வச்சுகிட்டு காருக்குள்ள போயி உக்காந்துட்டாராம்.

கடலையை ஏன் நிறுத்தினேன்னு கேட்டா, அக்கா கடலையைப் பத்தியே பேசலயாம். அப்பாவைப் படுக்கையில வச்சுப் பாத்தது நான், மலம் மூத்திரம் அள்ளுனது நான், செத்த அன்னைக்குக் கூட இவ எட்டிப் பாக்கல, இவளுக்கு எதுக்குப் பங்குன்னு கத்தியிருக்கா.

தங்கச்சி போனுக்குப் பக்கத்துல குனிஞ்சு சொன்னாளாம்: "வந்தேன். விடியக்காலையிலயே வந்து இந்தக் கரையில நின்னேன். பட்டாளத்துக்காரன் கால்ல விழுந்து கேட்டேன், படகுல ஆளை ஏத்த விடல. அந்தக் கரையில புகை எழும்பவும் கும்பிட்டுட்டுத் திரும்பிட்டேன்."

 அதுக்கு அக்கா, நீ நின்னது எனக்குத் தெரியாதேன்னு சொல்லியிருக்கா. அதுக்குப் பெறவு ரெண்டு பேரும் பேசினதை அந்த ஆளும் மொழிபெயர்க்கல, அருந்ததியும் கேக்கல. இவுக மட்டும் தலையை ஆட்டிகிட்டே உக்காந்திருந்தாகளாம், எல்லாம் புரிஞ்ச மாதிரி.

கடைசியில தீர்ப்பு. அது இல்லாம எந்திரிப்பாகளா? இந்த வெள்ளாமையிலேருந்து பாதி தங்கச்சிக்கு, படகுக் கூலி தங்கச்சி பாடு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாக.

மறுநாள் பிடிச்சது பாரு சனி. இந்திய எம்.பி. திட்டைப் பாதியாப் பிரிச்சுக் குடுத்துட்டாருன்னு அக்கரைப் பேப்பர்ல போட்டுட்டான். எங்க நாட்டுப் பிரஜைக்கு எதிராளி அரசாங்கப் போன்லேருந்து எப்படிப் பேசலாம்னு ஒரு கேள்வி. இக்கரைக்காரன் சும்மா இருப்பானா? முழுசும் எங்களுதுன்னு இருக்கும்போது பாதின்னு சொல்ல இவரு யாருன்னு அவன் ஒரு கேள்வி. இத்தனை வருசமா எதுலயும் ஒத்துப் போகாத ரெண்டு நாடும் ஒரே விஷயத்தை டெல்லிக்கு எழுதிக் கேட்டிருக்கு: பாதின்னா எந்தப் பாதி? மேல் பாதியா, கீழ் பாதியா?

டெல்லியில கூப்பிட்டு உக்கார வச்சு இவுகட்ட விளக்கம் கேட்டாக. இவுக சொல்லியிருக்காக, "கடலையில பாதிங்க. உரிச்ச கடலையா, தோலோடயான்னு அவுக ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும்." அதை அருந்ததிதான் அரசாங்க இங்கிலீஷ்ல எழுதி ரெண்டு நாட்டுக்கும் அனுப்புச்சாம். அதோட அடங்கிட்டு. ஆனா இவுக இருந்த கமிட்டியிலேருந்து இவுகளைத் தூக்கிட்டாக. கட்சித் தலைமையும் கூப்பிட்டு, இனிமே உள்ளூரைப் பாருங்கன்னுட்டாக. பாஸ்போர்ட்டு பீரோவுல என் பட்டுச்சேலைக்குக் கீழ தூங்குது. அடுத்த தடவை சீட்டு கிடைக்குமான்னே தெரியல. அந்தக் கவலையும் எனக்குத்தான். அவுக காலையில முன்னறையில உக்காந்து, எவனோ முருங்கைக் கொப்பு எவன் வீட்டுக்குள்ளயோ வளந்ததுக்கு வழக்குப் பேசிகிட்டு இருக்காக.

அதெல்லாம் கூட எனக்குப் பெருசு இல்ல. என் வருத்தம் வேற.

அவுக திரும்பி வந்து சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னாக. நான் பரிமாறிகிட்டே கேட்டேன். அந்தப் புகை எழும்பின இடம் வரும்போது கரண்டி என் கையிலேயே நின்னுட்டு. அவுக இலையைப் பாத்துகிட்டே சொன்னாக, என்னைப் பாக்கல. முடிச்சாக. இப்ப கேப்பாக, இப்ப கேப்பாகன்னு நான் நிக்கேன். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து"ன்னாக.

எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா பிள்ள. உலகம்மைன்னு பேரு. எங்க அப்பா தென்னந்தோப்பை ரெண்டாப் பிரிக்கும்போது கிணறு அவ பக்கம் போயிட்டு. கிணறு பொதுவா இருக்கட்டும்னு நான் நியாயமாத்தான் கேட்டேன். அதுக்கு அவ, சொந்தக்காரங்க அம்புட்டு பேரு முன்னாலயும், "நீ எம்.பி. பொண்டாட்டி, தாமிரபரணியையே கேட்டு வாங்கிக்கிடலாமே"ன்னு சொல்லிட்டா. சிரிச்சாக எல்லாரும். நான் ஒண்ணும் சொல்லல. அவ வீட்டுக்காரரைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தான். அதுலேருந்து பேச்சு இல்ல. அவ மகளுக்குச் சடங்கு வச்சா, பத்திரிகை வரல. வந்தாலும் நான் போயிருக்க மாட்டேன், அது வேற. ஆனா வரல.

அப்ப இவுக தீர்த்து வைக்கேன்னு வந்தாக. நான்தான் தாலி மேல கையை வச்சுச் சொன்னேன், எங்க அக்கா தங்கச்சி விஷயத்துல நீங்க என்ட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு. அன்னைக்கு மூடுன வாயி. ஊரு வழக்கெல்லாம் பேசுதாக, உலக வழக்கெல்லாம் பேசுதாக, இந்த ஒண்ணை மட்டும் தொடல. கோவத்துல சொன்னதை இம்புட்டுக் கறாரா ஒரு மனுசன் கடைப்பிடிப்பானா? யாரோ ஊரு பேரு தெரியாத ரெண்டு பேருக்குப் படகு மேல உக்காந்து பேசத் தெரியுது, பொண்டாட்டிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. நான் ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டேன்.

இத்தனை நாளும் பாத்தேன். நேத்து நானாத்தான் சொன்னேன், பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போறேன், சின்ன உள்ளி, அதான் சாம்பார் வெங்காயம், அங்க நல்லா இருக்கும்னு. ஏன், பாளையங்கோட்டையில உள்ளி கிடைக்காதான்னு கேக்கணுமா இல்லையா? அவ பாவூர்சத்திரத்துலதான் இருக்கான்னு தெரியும்லா? அப்பக் கூட கேக்கல. எந்த வண்டிக்குப் போறன்னு மட்டும் கேட்டாக. காலை வண்டின்னேன். கார் வேண்டாம்னேன். சரின்னு பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுகிட்டாக.

அவ வீட்டுக்குப் போவேன்னு நான் சொல்லல. மார்க்கெட்டுக்குத்தான் போறேன். வழியில அவ வீடு இருந்தா அதுக்கு நான் என்ன செய்ய. இந்தப் பையில ஒரு சேலை இருக்கு, மாம்பழக் கலரு, அந்தப் பிள்ளைக்குன்னு எப்பவோ எடுத்தது. அல்வா சும்மா, வழியில பசிச்சா திங்க. இத்தனை அல்வாவையுமான்னு பாக்காத.

இந்தா கீழக்கடையம் தாண்டிட்டு. அடுத்தது என்ன, நம்ம பக்கத்து மேட்டூரா? அதுக்கு அடுத்து நான் இறங்கணும். நெஞ்சு ஏன் இப்படி அடிக்குதுன்னு தெரியல, காலையில மாத்திரை போட்டேனே. போனா என்ன சொல்லுவா? கதவைச் சாத்துனாலும் சாத்துவா. அவளுக்கு வாயி நீளம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

வந்துட்டு போல. கொஞ்சம் நகரு, எட்டிப் பாக்கேன். கூட்டம் இல்ல, நல்லவேளை.

ஏ பிள்ள. அந்தா அந்த வேப்பமரத்துக்கு அடியில நிக்காளே, பச்சைச் சேலை, ஒவ்வொரு பெட்டியாப் பாத்துகிட்டு இருக்காளே.

நான் வாரதை இவளுக்கு யாரு சொன்னா? நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலயே. எந்த வண்டின்னு கேட்டது ஒரே ஒரு ஆளுதான். என்ட்ட பேசக் கூடாதுன்னுதானே சொன்னேன். அவட்ட பேசக் கூடாதுன்னு நான் சொல்லலயே, பாவி மனுசா.

தலையைப் பாரு இவளுக்கு. எனக்கு இளையவ, எப்ப இம்புட்டு நரைச்சா? ஒருத்தர் கூட என்ட்ட சொல்லலயே.

பையை எடுத்துக் குடு தாயி. அதை இல்ல, அந்தச் சேலை இருக்கதை. சீக்கிரம், வண்டி இங்க ரொம்ப நேரம் நிக்காது.